அறுநூற்று முப்பது குத்து

"ஒரே கான்கிரீட். ஒரு இடத்துல இருபத்தெட்டு காட்டுது, இன்னொரு இடத்துல பன்னெண்டு காட்டுது. இதுல எது பொய்?" என்று கேட்டார் வைகுண்டமணி.

"ரெண்டும் நெசந்தான்" என்றார் செசிலி.

வைகுண்டமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டில் ஒன்று பொய் என்று யாராவது சொன்னால்தான் அவருக்கு நிம்மதி. பன்னிரண்டுதான் பொய் என்று சொன்னால் இன்னும் நிம்மதி. அதற்காகத்தான் முந்தின நாளே போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வருஷமாக அவர் பார்க்கிற வேலைக்கு கியூப் போடுவது என்று பெயர்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. லாரியில் வரும் கான்கிரீட்டில் கொஞ்சம் அள்ளி, அரையடி இரும்புப் பெட்டியில் கம்பியால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். மறுநாள் பெட்டியைக் கழற்றி, கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இருபத்தெட்டாம் நாள் அதை மெஷினில் வைத்து நசுக்குவார்கள். நொறுங்கும்போது மெஷின் என்ன எண் காட்டுகிறதோ, அதுதான் கட்டடத்தின் பலம் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கட்டடத்தை யாரும் நசுக்கிப் பார்க்க முடியாது. அதனால் கியூபை நசுக்குகிறார்கள்.

வைகுண்டமணி போட்ட கியூப் ஒன்றுகூட இதுவரை தோற்றதில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

செசிலிக்கு முப்பத்தாறு வயதுதான். நான்குவழிச் சாலையோரம் எழும்பிக்கொண்டிருந்த, வைகுண்டமணி இப்போது வந்து நின்ற மருத்துவமனைக் கட்டடத்தில் சோதனை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வேண்டாம் என்று கையாட்டினால் காலையில் முதலாவதாக வரும் லாரியும் திரும்பிப் போகும், முதலாளியின் மைத்துனர் அனுப்பிய லாரியும் திரும்பிப் போகும். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளிக்கு அன்றைக்குத் தூக்கம் இருக்காது. ஆனாலும் சந்தேகம் வந்தவர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள்.

வைகுண்டமணிக்கு வந்திருந்தது சாதாரண சந்தேகம் இல்லை.

அவர் கியூப் போட்ட ஒரு பள்ளிக்கூடம். ஆறு வகுப்பறை. திறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. போன மாதம் ஓர் அறையில் பீம் விரிசல் விட்டது. அறையைப் பூட்டிவிட்டு, பீமில் துளைபோட்டு ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது. வைகுண்டமணியின் நோட்டிலோ அதே பீமுக்கு இருபத்தெட்டு.

மற்ற ஐந்து அறைகளிலும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள், அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். 'கியூபுக்கு எடுத்ததும் கட்டடத்தில் போட்டதும் ஒரே கான்கிரீட்தான்' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால், கியூப் எல்லாம் தேறியிருப்பதால், கெட்டது அந்த ஒரு பீம் மட்டும்தான், மற்ற அறைகளுக்குப் பயமில்லை என்று ஆகிவிடும். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.

உண்மையைத்தானே எழுதியிருக்கிறார்கள், போட்டுவிடலாம் என்றுதான் பேனாவைத் திறந்தார். கை எழும்பவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் கியூபை மாத்தலைம்மா. கூட ஒரு பிடி சிமெண்ட் போடலை. கல்லைப் பொறுக்கி எறியலை. எந்த சைட்டுலயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்லை. எம் பிள்ளைக மேல சத்தியமாச் சொல்லுதேன்."

"சத்தியம்லாம் வேண்டாம் அண்ணாச்சி" என்றார் செசிலி. "ஒரு செட்டு கியூப் போடுங்க. பாக்கேன்."

"இப்பவா?"

"லாரி வந்துட்டு இருக்கு."

அன்றைக்கு வரவிருந்த கான்கிரீட் மருத்துவமனைக்கு அல்ல. கட்டடத்துக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்கும் கொட்டகைக்குத் தரை போடுவதற்கு.

வைகுண்டமணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஆறு பெட்டிகளையும் துடைத்தார். உள்பக்கம் எண்ணெய் தடவினார். திருகாணிகளை முறுக்கிப் பார்த்தார். சந்தனம் அரைக்கிறவர்கூட அவ்வளவு பதவிசாகச் செய்யமாட்டார்.

செசிலி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு அடுக்குக்கு எத்தனை குத்து அண்ணாச்சி?"

"முப்பத்தஞ்சு. முப்பத்தாறும் குத்த மாட்டேன், முப்பத்துநாலும் குத்த மாட்டேன்."

"எண்ணும்போது காதுல என்ன விழும்?"

"ஒண்ணும் விழாது. வெடி போட்டாலும் கேக்காது. அவ்வளவு கவனம்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்படியா" என்றார் செசிலி.

லாரி வந்தது. ஓட்டிவந்தவர் பொன்ராசு. இறங்கியதும் வைகுண்டமணியைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பானார்.

"சார், நீங்களா? இங்க எப்ப வந்தீங்க?"

"சும்மா வந்தேன்ப்பா."

வைகுண்டமணிக்கு அந்த முகம் எங்கோ பார்த்ததாகத்தான் பட்டது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை லாரி, எத்தனை முகம்.

முதலில் தகரக் கூம்பு. அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். அதில் கான்கிரீட்டை நிரப்பி, கூம்பை மெதுவாக மேலே உருவினால், உள்ளே இருந்த குவியல் கொஞ்சம் அமுங்கும். அதிகம் அமுங்கினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்; தண்ணீர் கூடினால் பலம் குறையும். லாரியின் வாயிலிருந்து பிடித்து வைகுண்டமணி நிரப்பினார், உருவினார்.

நாலு விரல்கடை அமுங்கி, அப்படியே நின்றது.

"நல்ல கான்கிரீட்" என்றார்.

"நல்ல கான்கிரீட்தான்" என்றார் செசிலி.

தள்ளுவண்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வைகுண்டமணி சுவரோரம் போனார். வெயில் பட்டால் கான்கிரீட் காய்ந்துவிடும், காற்றுக்குத் தூசி விழும். அதனால் எப்போதும் நிழல் பார்த்துச் சுவரைப் பார்க்க உட்காருவதுதான் அவர் வழக்கம். உட்கார்ந்தார். கம்பியை எடுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒரு பெட்டிக்கு மூன்று அடுக்கு. அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து. ஆறு பெட்டி. மொத்தம் அறுநூற்று முப்பது. உதடு அசைந்தது, தலை நிமிரவே இல்லை. கரணையால் மேல்பக்கத்தைத் தடவிச் சமன் செய்துவிட்டு அவர் எழுந்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

செசிலி குனிந்து ஆறு கியூபையும் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா ஒருத்தர் போட்டு நான் பாத்ததில்லை அண்ணாச்சி."

அது கேலி இல்லை. வைகுண்டமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக எல்லோரும் அவரைத் திருடனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்கள்.

"இதைத்தானம்மா நானும் அவங்ககிட்டச் சொல்லுதேன்."

"கூம்பை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் செசிலி.

கட்டடத்துக்குப் பின்னால் போனார்கள். முன்பக்கம் லாரி பம்பில் கொட்ட, பம்பு தள்ள, நீளக் குழாய் வழியாக வந்த கான்கிரீட் கொட்டகைத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அதை மண்வெட்டியால் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல ஒரு தடவை பாருங்க."

வைகுண்டமணி குழாய் வாயில் பிடித்து நிரப்பினார். கூம்பை உருவினார்.

குவியல் என்று ஒன்று நிற்கவே இல்லை. கூம்பு மேலே வந்த மறுநொடி எல்லாம் தரையோடு தரையாகப் பரவி, சிமெண்ட் தண்ணீர் தனியாக ஓடி வந்து அவர் செருப்பை நனைத்தது.

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இது வேற லாரி" என்றார்.

"காலையில இருந்து ஒரு லாரிதான் வந்திருக்கு."

அவர் நம்பவில்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தார். பொன்ராசுவின் லாரிதான் நின்றது. கேட்டில் இருந்த காவலாளியிடம் கேட்டார். இதுதான் முதல் லாரி என்று அவரும் சொன்னார். திரும்பி வந்தபோது வைகுண்டமணிக்கு மூச்சு வாங்கியது.

"எவன் இதுல தண்ணி விட்டது?"

பரப்பிக்கொண்டிருந்த இருவரும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்கள். குற்றம் செய்தவர்கள் தலையைக் குனிவார்கள். இவர்கள் குனியவில்லை. இந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அது வைகுண்டமணியை இன்னும் கலக்கியது.

"உங்க சைட்டுலயே இப்படி நடக்குதாம்மா?"

"இன்னைக்கு மட்டும். வெறும் தரைதான, மத்த ஊர்ல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"ஆமா. எப்ப விட்டாங்கன்னு பாத்தீங்களா?"

"நான் எப்படிப் பாக்க? நான் அங்க கியூப்..."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அடுத்த லாரியும் பொன்ராசுவே கொண்டாருவாரு" என்றார் செசிலி. "அப்ப கம்பியை எங்கிட்டக் குடுத்துட்டு, நீங்க பம்புக்குப் பக்கத்துல நில்லுங்க. ஒண்ணும் செய்யாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

லாரி போய்த் திரும்பி வரும்வரை வைகுண்டமணி ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. குடிக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் காத்திருக்கிற நோயாளிபோல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி வந்தது.

செசிலியே கூம்பு பிடித்தார். நாலு விரல்கடை. அவரே தள்ளுவண்டியில் அள்ளினார். அதே சுவரோரம் போய், அதே இடத்தில், அதே மாதிரி சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். கம்பியை எடுத்தார்.

டொக்.

கம்பி பெட்டியின் அடியில் பட்ட அந்த முதல் சத்தம் முன்பக்கம் முழுக்கக் கேட்டது.

அதுவரை டயரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த பொன்ராசு பீடியைக் கீழே போட்டு மிதித்தார். லாரியின் பின்பக்க ஏணியில் ஏறினார். கழுவுவதற்கென்று லாரியிலேயே தண்ணீர்த் தொட்டியும் ஒரு ரப்பர் குழாயும் உண்டு. குழாயை எடுத்து, கான்கிரீட்டைக் கலக்கியபடி சுற்றிக்கொண்டிருந்த உருளையின் வாய்க்குள் சொருகினார். திறந்துவிட்டார்.

ஒளிந்து செய்யவில்லை. அவசரப்படவும் இல்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்போல, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

வைகுண்டமணி அவரையே பார்த்தார். பொன்ராசு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் வைகுண்டமணி ஆடிப்போனார்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே செசிலி குனிந்து குத்திக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு ஏறி இறங்கியது. பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. அந்த முதுகு திரும்பவே இல்லை.

தன் முதுகை யாரும் பார்த்ததில்லை. வைகுண்டமணி பார்த்தார்.

மெதுவாக லாரிக்குக் கீழே போய் நின்றார். ஒன்றும் சொல்லக் கூடாது என்று செசிலி சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை.

"என் கண்ணு முன்னாலயே விடுதியே, பொன்ராசு."

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியாதா சார்?" என்றார் பொன்ராசு. "பள்ளிக்கூடத்துக்கும் நான்தான ஓட்டுனேன். அதனாலதான் செசிலியம்மா கம்பெனியில சொல்லி இன்னைக்கு என்னையக் கேட்டு வாங்கினாக. நீங்க வாரீங்கன்னு எனக்குச் சொல்லலை."

"பள்ளிக்கூடத்துலயும் இப்படியா?"

"எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார். கட்டியா இருந்தா பம்பு இழுக்காது. குழாய் அடைச்சுக்கிரும். பெறகு ஒவ்வொண்ணாப் பிரிச்சுத் தட்டணும். அரை நாள் போயிரும். பரப்புற ஆளுகளுக்கும் தோள்பட்டை விட்டுப்போகும்."

"நான் கியூப் எடுத்த பெறகு விடுவீங்களா?"

"கம்பிச் சத்தம்தான் சார் கணக்கு. நீங்க முதக் குத்துக் குத்துனதும் குழாயைத் திறப்போம். கடைசிக் குத்துக்குள்ள அடைச்சிருவோம். மத்த சார்மாரு கியூபை நாலு இடி இடிச்சுட்டு அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு வந்துருவாக. அவுகளை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது. நீங்கதான் எங்களுக்கு முழுசா அரைமணி நேரம் குடுப்பீங்க."

வைகுண்டமணி லாரியின் படியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குடுத்தேனா?"

"பெறகு?" பொன்ராசுவுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வேணும்னுதான சார் அந்தப் பக்கம் திரும்பி உக்காருவீங்க. எங்க கஷ்டம் தெரிஞ்ச மனுசன்னு எங்க ஆளுக எல்லாரும் சொல்லுவோம். உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாக்கூட குடிக்க மாட்டீங்க. எதையும் எதிர்பாக்காம செய்யுதாரேன்னு எங்களுக்கு உங்க மேல தனி மரியாதை."

பத்தொன்பது வருஷத்தில் வைகுண்டமணியை யாரும் இவ்வளவு நல்லவிதமாகச் சொன்னதில்லை.

"கியூப் எடுக்காத லாரி?"

"அது வந்து நின்ன ஒடனே விட்டுருவோம்."

"பள்ளிக்கூடத்துல ஆறு ரூமுக்குமா?"

"ஆறுக்கும் ஒரே மாதிரித்தான் சார். நாங்க ரூம் பாத்துச் செய்யுததில்லை." பொன்ராசு குழாயை மூடினார். பிறகுதான் வைகுண்டமணியின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுபோனது. "ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

வைகுண்டமணி படியிலிருந்து கையை எடுத்தார்.

"நெசமாவே தெரியாதா சார்?"

பொன்ராசு கையில் இருந்த குழாயைப் பார்த்தார். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்தபடி ஏணியிலேயே நின்றார்.

வைகுண்டமணி சுவர்ப் பக்கம் நடந்தார். நான்கு தப்படி தூரம்தான். இவ்வளவு பக்கத்திலா எல்லாம் நடந்திருக்கிறது?

செசிலி இன்னும் குத்திக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரெண்டு. முப்பத்திமூணு."

"நிறுத்துங்கம்மா."

"முப்பத்திநாலு. முப்பத்தஞ்சு."

அடுக்கு முடிந்ததும்தான் அவர் தலையைத் தூக்கினார்.

"நான் ஒரு தப்பும் செய்யலைம்மா" என்றார் வைகுண்டமணி. "ஒரு குத்துக்கூடக் குறைச்சதில்லை."

"தெரியும் அண்ணாச்சி."

"எனக்கு எதாவது சொல்லுங்க."

செசிலி கம்பியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"மணி என்ன?" என்று கேட்டார்.

வைகுண்டமணி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். மணியைத்தான் பார்த்தார், ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. ஐந்து அறை. அறைக்கு முப்பது, நாற்பது பிள்ளைகள்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபோது கடிதமும் கூடவே வந்து கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. விரலெல்லாம் சிமெண்ட் ஒட்டியிருந்ததால் எண் அமுங்க மறுத்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார்.

மறுமுனையில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை எடுத்தார். பின்னால் பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாட்டைச் சேர்ந்து சொல்லும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான் வைகுண்டமணி. உங்க கட்டடத்துக்கு கியூப் போட்டவன்."

"சொல்லுங்க சார். கடிதம் குடுத்துட்டீங்களா?"

"பிள்ளைகளை வெளிய கூட்டிட்டு வாங்கம்மா. இப்பவே."

"என்ன சார் இது? போன வாரம் நீங்கதான வந்து, மத்த ரூமுக்கு ஒண்ணும் பயமில்லை, நான் பொறுப்புன்னு சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

வாய்ப்பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது; தலைமையாசிரியை வராந்தாவுக்கு வந்துவிட்டார் போல.

"சார், நாளைக்குப் பரீட்சை இருக்கு. எந்த ரூமை மட்டும் காலி பண்ணணும்னு சொல்லுங்க, அவங்களை மட்டும் அனுப்புதேன்."

"எல்லாரையும்" என்றார் வைகுண்டமணி.